ஜூரா மலையின் பால் கிராமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஜூரா மலை. அதன் மேட்டுநிலத்தில் 800 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருநூறு, முந்நூறு பேர் வாழும் சின்னச் சின்னக் கிராமங்கள். ஒரு தேவாலயம், தண்ணீர் விழும் ஒரு கல்தொட்டி, கப்பல் மாதிரி அகன்ற சில பழைய வீடுகள், சுற்றிலும் புல், புல்லுக்கு அப்பால் காடு. கோந்தே சீஸ் பிறக்கும் இடம் இதுதான். டூ, ஜூரா மாவட்டங்களின் இந்தக் கிராமங்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எங்கு பார்த்தாலும் புல்லாகவே இருக்கிறதே, பயிர் எதுவும் வைப்பதில்லையா?

மேட்டில் வைத்துப் பயனில்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே பல இடங்களில் ஒரு சாண் மண்கூடத் தேறாது. ஏர் ஓட்டினால் கல்தான் கிளம்பும். குளிரும் நீளம். டூ ஆறு பிறக்கும் மூத் என்ற ஊரில் 1968 ஜனவரியில் −36.7 டிகிரி பதிவானது. அந்த ஊருக்கு ‘குட்டி சைபீரியா’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஆனால் மழை நிறைய, கோடையில் பகல் நீளம். இந்த இரண்டும் சேர்ந்தால் புல்லுக்குக் கொண்டாட்டம். மனிதன் புல்லைத் தின்ன முடியாது, மாடு தின்னும். மாட்டின் பாலைக் குளிர்காலம் முழுக்கக் கெடாமல் வைத்திருக்க ஒரே வழி, பெரிய கட்டியான சீஸ். அங்கிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்குகிறது.

ஃப்ரூயித்தியேர் என்கிறார்களே, அது பழக்கடையா?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அது ஊர்ப் பால் சொசைட்டியும் சீஸ் பட்டறையும் ஒன்றாய்ச் சேர்ந்தது. ஒரு வருடத்து உழைப்பின் பலன் கனிகிற இடம் என்ற பொருளில் வந்த பெயர்.

இது ஏன் தோன்றியது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். கோந்தே சீஸின் ஒரு வட்டு 32 முதல் 45 கிலோ இருக்கும். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் வைத்தால், ஒரு வட்டுக்குச் சுமார் 400 லிட்டர். நாலைந்து மாடு வைத்திருந்த பழைய காலத்துக் குடும்பம் ஒரு நாளில் இவ்வளவு பாலுக்கு எங்கே போகும்? பச்சைப் பால் நாலு நாள் காத்திருக்காது. அதனால் பக்கத்து வீட்டோடு கணக்கு வைத்துக்கொண்டு பாலைச் சேர்த்தார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இந்த ஏற்பாட்டுக்குத் தடயம் உண்டு. இன்றும் பெரும்பாலானவை விவசாயிகளே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுகள்தான். மொத்தம் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன.

இன்னொரு விதி இந்தக் கிராமங்களைக் காப்பாற்றுகிறது. ஒரு ஃப்ரூயித்தியேருக்குப் பால் தரும் பண்ணைகள் எல்லாம் 25 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் ஒரே பெரிய தொழிற்சாலை கட்டி மாவட்டத்துப் பாலையெல்லாம் அதில் கொட்ட முடியாது. பிரான்ஸின் வேறு பல பகுதிகளில் சிற்றூர்ப் பண்ணைகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்தபோது இங்கே அவ்வளவாக அடைக்காததற்கு, இயற்கை அழகைவிட இந்த ஒரு விதிக்குப் பங்கு அதிகம்.

மாடுகள் ஏன் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன?

சிவப்பும் வெள்ளையுமாய், வெள்ளை முகத்தோடு நிற்பவை மோன்பெலியார்ட் இனம். கோந்தேவுக்கு இந்த இனத்தின் பாலும் பிரெஞ்சு சிமென்டால் இனத்தின் பாலும் மட்டுமே செல்லும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மோன்பெலியார்ட்தான். ஒவ்வொரு கறவை மாட்டுக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் புல்நிலம் வேண்டும். அடர்தீவனம் மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,800 கிலோவைத் தாண்டக் கூடாது. கறவை காலை ஒன்று, மாலை ஒன்று. மாடு நினைத்த நேரத்தில் போய் நின்று கறந்துகொள்ளும் ரோபோவுக்கு இங்கே அனுமதி கிடையாது. ஞாயிறு, கிறிஸ்துமஸ் எதுவானாலும் ஊரில் விடியற்காலையில் முதலில் விளக்கு எரிவது தொழுவத்தில்தான்.

ஒரு வட்டு எப்படி உருவாகிறது?

முதல் கறவை நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பாலில் வேலை தொடங்கிவிட வேண்டும். பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்குவதில்லை. பச்சைப் பால் செப்புக் கொப்பரைக்குள் இறங்குகிறது. சுமார் 32 டிகிரிக்கு வெதுவெதுப்பானதும், புளிக்க வைக்கும் நுண்ணுயிரும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதியும் சேரும். அரை மணியில் பால் தயிர்போல் உறையும். பிறகு கம்பி பூட்டிய சட்டத்தால் அந்த உறைவை அரிசி அளவுக்கு நறுக்குவார்கள். துண்டு பெரிதாக விட்டால் உள்ளே நீர் தங்கும், சீஸ் முதிரும்போது புளிக்கும். அளவுக்கு மீறிப் பொடித்தாலோ கொழுப்பு மோர்நீரோடு போய்விடும், சீஸ் வறண்டு நிற்கும்.

நறுக்கியதைக் கிளறிக்கொண்டே குறைந்தது 53 டிகிரிக்குச் சூடேற்றி அரை மணி வைத்திருப்பார்கள். சீஸ்காரர் ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து, பிடித்தது கையில் ஒட்டி நின்று விரலால் நெருடினால் உதிர்கிறதா என்று பார்ப்பார். பதம் வந்ததும் எல்லாம் அச்சுக்குள் போகும், அழுத்தத்தின் கீழ் இரவைக் கழிக்கும். வட்டின் விளிம்பில் பதிக்கும் பச்சைத் தகடு பால்புரதத்தால் ஆனது. எந்த ஃப்ரூயித்தியேர், எப்போது செய்தது என்று அதில் பார்த்துவிடலாம்.

அதற்குப் பிறகு முதிர்கூடம். ஸ்ப்ரூஸ் மரப்பலகை மேல் குறைந்தது 120 நாள். நடைமுறையில் எட்டு மாதம், ஒரு வருடம், சில வட்டுகள் இரண்டு வருடம். உப்பு நீர் தேய்த்துத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். முதிர்ப்பவர் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார், தேங்காய் வாங்கும் போது நாம் தட்டுவது மாதிரி. உள்ளே விரிசல் இருந்தால் ஒலி மாறும். கடைசியில் 20க்கு மதிப்பெண். 14ம் அதற்கு மேலும் வாங்கினால் பச்சைப் பட்டை. 12க்கு மேல், 14க்குக் கீழ் என்றால் பழுப்புப் பட்டை. 12க்கும் கீழே போனால் கோந்தே என்ற பெயரே கிடையாது, உருக்கிப் பதப்படுத்தும் சீஸுக்குப் போகும்.

சைலேஜ் எனும் ஊறுகாய்ப்புல்லை ஏன் ஒதுக்குகிறார்கள்? மற்ற இடங்களில் அது நல்ல தீவனம்தானே?

மாட்டுக்குக் கெடுதல் இல்லை, சீஸுக்குத்தான். ஈரமாகவே காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த அந்தப் புல்லில் மண் கலந்தாலோ காற்று புகுந்தாலோ கிளாஸ்ட்ரிடியம் வகை நுண்ணுயிர் பெருகும். அதன் வித்துகள் சாணம் வழியாக மடிக்கும், மடி வழியாகப் பாலுக்கும் வந்து சேரும். 53 டிகிரிச் சூடு அவற்றை ஒன்றும் செய்யாது. எல்லாம் முடிந்து, வட்டு முதிர்கூடத்தில் இரண்டு மூன்று மாதம் இருந்த பிறகு உள்ளே வாயு கிளம்பும். வட்டு உப்பும், பிளக்கும், கெட்ட நெடி வரும். கலந்த பால் என்பதால் ஒரே ஒரு பண்ணையின் அலட்சியம் கொப்பரை முழுவதையும் பாழாக்கும், அதன் நட்டத்தைப் பதினைந்து குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டி வரும். மற்றவர் தொழுவத்தின் சுத்தத்தை ஊரே கவனிப்பதற்குக் காரணம் வம்புப் பேச்சு மட்டுமல்ல.

அப்படியானால் குளிர்காலத்துக்கு என்ன தீவனம்?

உலர்புல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மாடு தொழுவத்தில்தான். ஆறு மாதத்துக்கான புல்லை நாலு மாதத்தில் அறுத்துக் காயவைத்து ஏற்ற வேண்டும். முதல் அறுப்பு இடத்தின் உயரத்தைப் பொறுத்து மே கடைசியிலோ ஜூனிலோ. புல் பூத்து முற்றிய பின் அறுத்தால் அளவு கூடும், சத்து குறையும். இரண்டாம் அறுப்பு ஆகஸ்ட்டில். அது மென்மையானது, இலை அதிகம். மூன்று நாள் தொடர்ந்து வெயில் வரும் என்று தெரிந்தால் ஊரே டிராக்டர் மேல் இருக்கும். இரவு பதினொரு மணிக்கும் சத்தம் கேட்கும்.

எங்கே தவறும் என்றால், ஈரத்தில். கட்டாகக் கட்டும்போது ஈரம் நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி இருக்க வேண்டும். இருபதைத் தாண்டிய புல்கட்டைக் கொட்டகையில் அடுக்கினால் உள்ளே நொதித்துச் சூடேறும். நீளமான வெப்பமானிக் கம்பியைக் குத்திப் பார்ப்பது வழக்கம். 55 டிகிரிக்கு மேல் போனால் தினமும் பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டினால் தீயணைப்புக்கு 18ஐ அழைக்க வேண்டும். சூடாயிருக்கிறதே என்று தாமாகவே கட்டுகளைப் பிரிப்பதுதான் பெரிய தவறு. காற்று பட்டதும் குப்பென்று பற்றும்.

வானத்தை நம்ப விரும்பாதவர்கள் கொட்டகையிலேயே உலர்த்தும் வசதி கட்டியிருக்கிறார்கள். முக்கால் காய்ந்த புல்லைக் கட்டாமல் உதிரியாக ஏற்றி, கூரைக்கு அடியில் வெயிலில் சூடான காற்றை விசிறியால் கீழிருந்து செலுத்துவார்கள். இலை உதிராது, பச்சை நிறமும் மணமும் நிற்கும். செலவு கூடுதல், ஆனால் மழை ஆண்டுகளில் அதன் அருமை தெரியும்.

கோடை சீஸ் மஞ்சள், குளிர்கால சீஸ் வெளிறல். சாயமா?

இல்லை. பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின். உலர்புல்லில் அது குறைவு.

பால் வற்றும் மாதங்களில் பட்டறை சும்மா கிடக்குமா?

முன்பு குளிரில் பால் குறையும், பனியில் கொண்டுபோவதும் கடினம். பெரிய வட்டுக்குப் பால் போதாத நாளில் வீட்டிலேயே சின்ன சீஸ் செய்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் மோன் தோர். ஸ்ப்ரூஸ் மரத்தின் உட்பட்டையைக் கீற்றாக உரித்து இடுப்புப் பட்டி மாதிரி சுற்றி, மரப்பெட்டியில் வைக்கும் குழைவான சீஸ் இது. இன்றும் ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 15 வரைதான் செய்யலாம். பெட்டியோடு அடுப்பில் சூடாக்கி உருளைக்கிழங்கு மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

பழைய வீடுகள் ஏன் இவ்வளவு பெரியவை?

ஒரே கூரைக்குள் குடும்பம், மாடு, புல், விறகு எல்லாம். பனி மார்பளவு நிற்கும் நாளில் வெளியே கால் வைக்காமல் மாட்டுக்குத் தீனி போட வேண்டுமே. கீழே தொழுவம், மேலே புல் பரண். மேட்டுச் சரிவோடு சேர்த்து மண்ணாலும் கல்லாலும் ஒரு சாய்தளம் கட்டியிருப்பார்கள், வண்டி நேராகப் பரணுக்குள் ஏறும். மழையும் காற்றும் மேற்கிலிருந்து வருவதால் மேற்குச் சுவரில் ஜன்னல் குறைவு, ஸ்ப்ரூஸ் சீவல் பலகைகளை மீன்செதிள் மாதிரி அடித்திருப்பார்கள்.

வீட்டின் நடுவில் துயே என்ற மரக்கூம்பு, கூரையைத் துளைத்து மேலே போகும். பெரிய புகைபோக்கி என்பதைவிட, புகைபோக்கியாகவே மாறிய ஓர் அறை என்று சொல்லலாம். உச்சியில் இரண்டு பலகைக் கதவுகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தைக் கயிற்றால் இழுத்து மூடுவார்கள். அதற்குள்தான் மோர்த்தோ தொத்திறைச்சி தொங்கும். ஊசியிலை மரத்தின் புகையில் குறைந்தது 48 மணி நேரம். ஒரு முனையில் மரக்குச்சி செருகியிருக்கும், உண்மையானதா என்று பார்க்க அதுவே அடையாளம். சமைக்கும்போது முட்கரண்டியால் குத்தக் கூடாது. கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் முக்கால் மணி வேகவிட்டால் சாறு உள்ளேயே நிற்கும்.

விறகு ஊர்க்காட்டிலிருந்து இலவசமாகக் கிடைக்குமாமே?

முழுக்க இலவசமில்லை, ஆனால் மலிவு. அஃபுவாழ் என்ற பழைய உரிமை இது. ஊராட்சிக் காட்டில் எந்தப் பகுதியை விடுவது என்று ஊர் மன்றம் முடிவெடுக்கும். அரசு வனத்துறை மரங்களுக்குக் குறியிடும். ஊரில் குடியிருப்பவர்கள் பெயர் கொடுப்பார்கள், சீட்டுக் குலுக்கிப் பங்கு பிரியும், ஒரு சிறு கட்டணம் உண்டு. வேலை ஒழுங்காக நடக்க மூன்று ஊர்க்காரர்கள் பொறுப்பேற்பார்கள். கிடைத்த விறகை விற்கக் கூடாது, சொந்த அடுப்புக்கு மட்டும்.

புதிதாய் வருபவர் ஏமாறுவது அளவில். ஸ்தேர் என்றால் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளை அடுக்கிய ஒரு கன மீட்டர். அதையே 33 செ.மீ. துண்டாக அறுத்தால் இடைவெளி குறைந்து 0.7 கன மீட்டராகும். வியாபாரி திருடிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பீச் மரம் நன்றாக எரியும், ஆனால் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கத்தில் காற்றோட விட்டு இரண்டு ஆண்டு காய வேண்டும். ஈர விறகு புகைக்குழாயில் தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தார் பற்றும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைச் சுத்தம் செய்யவேண்டும். சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

இவ்வளவு மழை பெய்தும் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏன்?

சுண்ணாம்புப் பாறை சல்லடை. மழை விழுந்ததும் விரிசல் வழியே கீழே போய்விடும். மேட்டில் ஓடை அரிது, பள்ளத்தாக்கில் திடீரென ஓர் ஆறே பாறைக்குள்ளிருந்து பீறிட்டு வரும். 1901 ஆகஸ்ட்டில் போன்தார்லியே நகரில் இருந்த பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. வெடித்துவிடும் என்று பயந்து தொட்டித் தொட்டியாக அப்சாந்த் சாராயத்தை டூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் லூ ஆற்றின் ஊற்றில் சாராய மணம் வந்தது. லூவின் நீர் டூவிலிருந்து கசிந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1910இல் சாயம் கலந்து பார்த்து உறுதி செய்தார்கள்.

சிரிப்பான கதைதான், பாடம் அப்படியல்ல. வயலில் தெளிக்கும் சாணக்கரைசலும் அதே வேகத்தில் ஊற்றுக்குப் போகும். மண் வடிகட்ட நேரமே கிடைக்காது. உறைந்த நிலத்திலும் பனியின் மேலும் தெளிப்பது மோசமானது, புல் உறிஞ்சாது, உருகும் பனியோடு அத்தனையும் ஆற்றுக்கு. 2009, 2010 ஆண்டுகளில் லூவில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததிலிருந்து இது இங்கே ஆறாத பிரச்சினை. காரணம் பால் மட்டுமல்ல, வீட்டுக் கழிவும் வெட்டிய மரத்துக்கு அடிக்கும் மருந்தும் சேரும். ஆனால் பாலுக்குப் பங்கே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

புல்வெளி முழுக்க மண்குவியல். பன்றியா?

பன்றி கிளறினால் புரட்டிப் போட்ட மாதிரி இருக்கும். குவியல் குவியலாக இருந்தால் நில எலி. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் வெடித்துப் பெருகும், ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில். புல்லின் வேரைத் தின்னும். அதைவிடக் கெடுதல், குவியல் மண் அறுப்பில் சிக்கி உலர்புல்லோடு கொட்டகைக்கு வருவது. மேலே சொன்ன வித்துகள் மண்ணில்தானே இருக்கின்றன. எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஆண்டிலேயே பொறி வைக்க வேண்டும், பெருகிய பின் எதுவும் உதவாது. ஒரே வயலை வருடா வருடம் அறுக்காமல் மாற்றி மேயவிட்டால் மாட்டின் குளம்பு வளையை நொறுக்கும். வேலி மரங்கள் இருந்தால் பருந்தும் நரியும் வரும். விஷம் வைத்த காலத்தில் எலியைத் தின்ற பருந்தும் நரியும் செத்தன, அடுத்த பெருக்கத்தைத் தடுக்க ஆளில்லாமல் போனது.

வயல் வழியே நடக்கலாமா?

குறியிட்ட பாதையில் தாராளமாக. கதவு இருந்த நிலையில் விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூட வேண்டும். மே, ஜூனில் இடுப்பளவு நிற்கும் புல்லில் இறங்கக் கூடாது, அது குளிர்காலச் சாப்பாடு. மிதித்துச் சாய்ந்ததைக் கத்தி பிடிக்காது. நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்வது கடுமைக்காக இல்லை. நாய் மலத்தில் நியோஸ்போரா ஒட்டுண்ணி இருந்தால் அந்தப் புல்லைத் தின்ற மாட்டுக்குக் கரு கலையும். கிடேரிக் கூட்டம் பின்னாலேயே வந்தால் ஓடக் கூடாது, வெறும் வேடிக்கை பார்க்கத்தான் வருகின்றன. கன்றோடு நிற்கும் தாயிடம் மட்டும் தூரம் வேண்டும்.

மேய்ச்சலில் மாடு தொடாத உயரமான செடி ஜென்சியன். மஞ்சள் பூ, கசப்பு வேர், அதிலிருந்து மது எடுப்பார்கள். பக்கத்திலேயே அச்சு அசலாக அதே போன்ற வெராட்ரம் நிற்கும், கடும் விஷம். பூக்காத நாளில் இலையைப் பார்க்க வேண்டும். ஜென்சியனுக்கு இலைகள் எதிரெதிராக இரண்டு இரண்டு, வெராட்ரத்துக்கு ஒன்று விட்டு ஒன்று.

ஊரை நிர்வகிப்பது யார்?

கொம்யூன், அதாவது ஊராட்சி. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே கொம்யூன் பஞ்சாயத்து இன்றும் இருக்கிறது, கடற்கரையில் ‘மேரி’ எனும் மன்ற அலுவலகக் கட்டடமும். முந்நூறு பேர் ஊருக்கும் சொந்த மேயர், சொந்த மன்றம். 100 முதல் 499 பேர் வரையான ஊருக்கு மன்றத்தில் 11 இடம். 1905 சட்டப்படி அதற்கு முன் கட்டிய தேவாலயம் கொம்யூனின் சொத்து, கூரை ஒழுகினால் மேயர்தான் பணம் தேட வேண்டும். மேரி பல ஊர்களில் வாரத்தில் இரண்டு அரை நாள்தான் திறந்திருக்கும். நேரத்தைக் கதவில் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மாட்டு மணி, சேவல், சாண நாற்றம். புகார் செய்யலாமா?

செய்யலாம், ஜெயிப்பது சிரமம். ஓலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் மேல் அண்டை வீட்டார் போட்ட வழக்கு 2019இல் தள்ளுபடியானது. 2021 ஜனவரியில் வந்த சட்டம் கிராமத்து ஒலியையும் வாசனையையும் பாரம்பரியமாக ஏற்றது. மாதத்தின் முதல் புதன் நண்பகலில் அலறும் சைரன் வெறும் சோதனை, பயப்பட வேண்டாம்.

குளிர்காலத்தில் காரில் வரலாமா?

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலை ஊர்களில் குளிர்கால டயர் கட்டாயம். இல்லையென்றால் வண்டியில் சங்கிலி இருக்க வேண்டும். டயரில் மூன்று முகட்டு மலைக்குள் பனிப்பூக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலியை வீட்டில் ஒருமுறை மாட்டிப் பழகாமல் வந்தால், −10 டிகிரியில் விரல் வளையாது.

நிலம் வாங்கிப் பால் பண்ணை வைக்க முடியுமா?

பணம் மட்டும் போதாது. பெரும்பாலான நிலம் ஒன்பது ஆண்டுக் குத்தகையில் இருக்கும். விற்றால் குத்தகைக்காரருக்கு முன்னுரிமை. வாடகையைக்கூட அரசு நிர்ணயித்த கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் இடையில்தான் வைக்கலாம். 1960இல் தொடங்கிய சஃபேர் என்ற அமைப்பு விற்பனையை இடைமறித்து வாங்கி, இளம் விவசாயிக்கு மாற்றித் தர முடியும். அதற்கு மேல் ஃப்ரூயித்தியேர் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் பலரும் நிற்க வேண்டி வரும்.

ஃப்ரூயித்தியேர் கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

காலையும் மாலையும் சில மணி நேரம் திறந்திருக்கும். எத்தனை மாதம் என்று கேளுங்கள். எட்டு மாதம் பால் இனிப்பு, பதினெட்டு மாதம் முந்திரி வறுத்த மணம், சில இடங்களில் உப்புக் கல் மாதிரி வெள்ளைப் பொடி பல்லில் தட்டும். அது உப்பல்ல, முதிர்ந்த புரதம். ருசி பார்க்க ஒரு சீவல் கேட்டால் தருவார்கள். வீட்டில் பிளாஸ்டிக்கில் சுற்றாமல் காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.